பாதிக் குவியல்

ஆடி மாதம், ஞாயிறு.

பஷீர் பாய் கப்பலில் சமையல் வேலை பார்த்தபோது கற்று வந்த சீட்டாட்டத்தை இன்றும் ஆடினோம். நடுவில் சேரும் புளியங்கொட்டையில் பாதி பெரிய சீட்டுக்காரருக்கு, பாதி சின்ன சீட்டுக்காரருக்கு; சமமாக வந்தால் அந்தப் பாதியைப் பங்கு போட வேண்டும். முடிவில் கொட்டை குறைந்தவர் அடுத்த வாரப் பிரியாணிக்கு வெங்காயம் உரிக்க வேண்டும். மூன்று வாரமாக நான்தான் உரிக்கிறேன்.

கடைசி ஆட்டத்தில் எனக்கு மிகச் சின்ன சீட்டுகள் வந்தன. பெரியது ஒன்றுமில்லை. பாய் தன்னிடம் இருந்த கொட்டையையெல்லாம் நடுவில் தள்ளினார். பக்கத்து வீட்டு ஜோசப்பும் தள்ளினான். என்னிடம் பதினோரு கொட்டைதான் மிச்சம்.

"இன்னா தோஸ்த், பயந்துட்டியா? வெங்காயம் காத்துக்கினு கீது" என்றார் பாய்.

தோல் கம்பெனியில் முப்பது வருடம் தரம் பிரித்தவன் நான். ஒரு பக்கம் மட்டும் நன்றாக இருக்கும் தோலை முதல் தரத்தில் போட்டதே இல்லை. கொட்டையைத் தள்ளாமல் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டேன்.

திறந்து பார்த்தால் இருவரிடமும் என்னுடையதைப் போலவே சின்ன சீட்டுகள். பாயிடம் பெரியதும் இருந்ததால் அந்தப் பாதி முழுக்க அவருக்கே. நானும் தள்ளியிருந்தால் சின்ன சீட்டின் பாதியை மூன்றாகப் பிரித்து ஐந்தாறு கொட்டைதான் திரும்பியிருக்கும். ஜோசப்புக்குப் பத்து கிடைத்தது. என்னிடம் பதினொன்று!

முதியோர் கல்வி வகுப்பில் இப்போதுதான் கற்ற எழுத்தில் இந்த நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவிட்டேன்: பாதிக்காக முழுவதையும் தள்ளாதே. அந்த வரிக்கு மட்டும் அரை மணி நேரம் ஆனது. யார் கிண்டல் செய்தாலும் இனி அதை மீற மாட்டேன். ஜோசப் அழுதுகொண்டே உரிக்கட்டும்.