குப்புறப் படுத்ததும் மல்லாந்து படுக்கப்போவதும்

அன்பு மகளுக்கு அப்பா சொல்லி எழுதுவது. எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கட்டுமா என்று கேட்டார் இதை எழுதித்தரும் கீழ்வீட்டுத் தையல்காரர். உன் அம்மா போனபிறகு எல்லோரும் என்று சொல்ல இங்கே நான் ஒருத்தன்தானே, அதனால் நான் சுகம் என்றே எழுதச் சொன்னேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும். சமையலறைக் குழாய் ஒழுகியது நின்றுவிட்டது. மாடிப்படியை எண்ணித்தான் இறங்குகிறேன், பதினேழு.

புதன்கிழமை கண் டாக்டரம்மா பார்த்தார்கள். மிச்சமிருப்பது இடதுகண் ஒன்றுதான் என்பதால் நிதானமாகச் சொன்னார்கள். கருவிழி முழுவதையும் எடுத்துவிட்டு, இறந்தவர் ஒருவர் கொடுத்ததை வைத்துத் தைப்பது ஒரு வழி, பதினாறு தையல், பார்வை நிலைக்க ஒரு வருஷத்துக்கு மேலாகும், உடம்பு ஏற்காமலும் போகலாம். இதைக் கேட்ட தையல்காரர், "அந்தத் துளியூண்டு கண்ணுக்குப் பதினாறா, நானா இருந்தா எட்டுல முடிச்சிருப்பேன்" என்றார். உள்பக்கத் தோலை மட்டும் மாற்றுவது இன்னொரு வழி, ஆனால் நீ போனில் சொன்ன மிக மெல்லிய தோல் என் கண்ணுக்கு ஆகாதாம். "விழித்திரை ஆபரேஷன்ல உள்ள இருந்த கூழெல்லாம் எடுத்தாச்சுங்கய்யா, காலி வீடு மாதிரி கெடக்கு, அந்தத் தோல் சுருண்டுக்கும், விரிக்கிறதுக்குள்ள நழுவிடும்" என்றார்கள். அதைவிடக் கொஞ்சம் தடித்ததை வைத்துக் காற்றுக் குமிழியால் ஒட்டவைக்கலாமாம், நான் மல்லாந்து அசையாமல் கிடக்கவேண்டும், நழுவினால் மறுபடி காற்று ஏற்றுவார்களாம். எதை வைத்தாலும் திரை கெட்டது கெட்டதுதான், முகம் தெரியும், எழுத்து தெரியாது என்றார்கள். எழுத்து எனக்கு எப்போது தெரிந்தது, முகம் போதும் என்றேன். அப்புறம்தான் கேட்டார்கள், "மொத ஆபரேஷனுக்கப்புறம் குப்புறப் படுக்கச் சொல்லியிருப்பாங்களே, ஒழுங்கா படுத்தீங்களா" என்று. பதினோரு வருஷமாக யாரிடமும் சொல்லாததை அங்கே சொல்லிவிட்டேன். உனக்கும் சொல்லவேண்டும்.

விலகிய திரையை ஒட்டவைத்து, உள்ளே விட்ட காற்று அதை அழுத்திப் பிடிக்கப் பன்னிரண்டு நாள் தலையைத் தூக்கக்கூடாது என்றிருந்தார்கள். வலதுகண் அப்போது தெரியும், அது அணைந்தது பிறகுதான். கட்டில் ஓரத்தில் நான் தலையைத் தொங்கவிட்ட இடத்துக்கு நேர் கீழே, சில்லென்ற தரையில் உன் அம்மா மல்லாந்து படுத்துக் கதை பேசுவாள். "வெறுந்தரையவே பாத்துட்டிருந்தா பைத்தியம் புடிச்சிடும், என் மூஞ்சியப் பாருங்க, அது கொஞ்சம் தேவல" என்பாள். ஐந்தாம் நாள் நீ வெளியூருக்குப் புறப்பட்டாய். பின்னந்தலையில் கைவைத்து, எழுந்திரிக்காதீங்கப்பா என்று சொல்லிவிட்டுப் போனாய். உன் செருப்புச் சத்தம் பதினேழு படியும் இறங்கும்வரை கிடந்தேன். பிறகு எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டேன். நீலப்பெட்டியைக் காரில் ஏற்ற முடியாமல் இரண்டு தரம் கீழே வைத்தாய், மேலே பார்க்கவில்லை. கார் போனபிறகும் பொழுது சாயும்வரை நாற்காலியில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அடுத்த வாரம் திரை மறுபடி விலகியது. அதைப் பிடித்துவைக்க மறு ஆபரேஷனில் கண்ணுக்குள் ஊற்றிய எண்ணெய்தான் வருஷக்கணக்கில் முன்னே வந்து கருவிழியைக் கெடுத்தது.

ஒரு மனுஷனைப் பன்னிரண்டு நாள் படுக்கவைக்க உன்னால முடியலையா என்று போனில் அம்மாவைக் கேட்டாய். தன் கவனக்குறைவுதான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். நான் உண்மையைச் சொல்லப்போனபோது, "தனியா கெடக்கிற புள்ள, தன்னாலதான்னு நெனச்சு அழும், என்னைத் திட்டினா திட்டிட்டுப் போகட்டும்" என்றாள். கடைசிவரை சொல்லவிடவில்லை. உன்மேல் ஒரு குற்றமும் இல்லை, எழுந்தது என் கால். அம்மாமேல் ஏதாவது மிச்சம் வைத்திருந்தால் விட்டுவிடு.

தடித்த தோலையே வைக்கச் சொல்லிவிட்டேன், அடுத்த மாதம் ஏழாம் தேதி. இந்த முறை விட்டத்தைப் பார்த்துக் கிடக்கவேண்டும், அங்கே யாரும் படுத்துக் கதை பேச முடியாது. நீங்கள் மூவரும் குறையில்லாமல் நீண்டநாள் வாழவேண்டும், பேத்திக்கு என் முத்தம். ஒன்று மட்டும் மறக்காதே. வருகிறேன் என்றாயே, வா. வந்தால் டாக்டரம்மா என்னை எழுந்திரிக்கச் சொல்லும் நாள்வரை இருந்துவிட்டுப் போ. அதற்குள் புறப்படவேண்டியிருந்தால் வராதே தங்கம். நான் மறுபடியும் எழுந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
(கையெழுத்துக்குப் பதில் இடதுகைப் பெருவிரல்)