மதினி கொண்டுவந்த உப்புக்கண்டம்

14.3.2001, புதன்

வீட்டுக்காரரோட அக்கா, பசுவந்தனை மதினி, இன்னைக்குப் பகல்ல வந்தா. குலசாமிக்கு வெட்டின கிடாக்கறியை உப்பும் மஞ்சளும் தடவிக் காயப்போட்டு, அந்த உப்புக்கண்டத்தைப் பொரிச்சுத் தூக்குவாளி நிறையக் கொண்டுவந்தா. யாருக்கு? கிட்னி கெட்டு, எட்டு மாசமா உப்பில்லாச் சோறு சாப்பிடுற தம்பிக்கு.

"மதினி, அவியளுக்கு உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்லா"ன்னேன்.

"காயை வேகவச்சுத் தண்ணிய வடிச்சுட்டுக் குடுக்கத்தான சொன்னாரு? பொரிக்கதுக்கு முன்னால இதையும் அப்படித்தாம்ட்டி வடிச்சேன். மூணு தண்ணி மாத்தியாச்சு. ஒரு பொட்டு உப்பு இருக்காது. சாமிக்கு வெட்டுனது ஒண்ணும் செய்யாது"ன்னா.

நான் குழாயடிக்குப் போய்க் குடத்தோட திரும்புறதுக்குள்ள இவர் தட்டைக் காலி பண்ணிட்டார். "இன்னைக்குத்தாம்ட்டி வாய்க்கு ருசியாச் சாப்பிட்டேன்"னு என் முகத்துக்கு நேராச் சொல்றார். மதினி முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "எந்தம்பியப் பட்டினி போட்டே கொன்னுருவா"ன்னா.

சாயங்காலம் இவருக்குக் கால் ரெண்டும் வீங்கிருச்சு. விரல் வச்சு அமுக்கினா குழி விழுது. அதைப் பார்க்க மதினி இல்லை. அஞ்சு மணி பஸ்ஸுக்கே போயிட்டா.

இவர் முன்னால உப்புப் போட்டுத் திங்க மனசில்லாம, எட்டு மாசமா நானும் அதே சோறுதான் திங்கேன். அதை ஒருத்தரும் கேட்டதில்லை.

தூக்குவாளியைக் கழுவ எடுத்தேன். அடியில ஒரு துண்டு ஒட்டிக்கிடந்துச்சு. சாக்கடையில எறியத்தான் எடுத்தேன். வாயில போட்டுட்டேன்.

உப்பு ஒரு பொட்டுகூடக் குறையலை. பாவி, அவ்வளவு ருசியா இருந்துச்சு.