ஒரே டிரம்மில் ஊற்றியது

பிப்ரவரி 3, திங்கள்

பாப்பாவுக்குப் படிப்பு ஏற ஏற மாமன் மேல் மரியாதை இறங்கிக்கொண்டே வருகிறது. உரம் கலக்கும் அறைச் சுவரில் இன்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். முதலில் தொட்டி நிறையத் தண்ணீராம். அதில் ஏ டிரம் உரக் கரைசலாம். நன்றாகக் கலக்கிவிட்டு, பத்து நிமிடம் கழித்துத்தான் பி டிரம்மாம். யாருக்கு இந்தப் பாடம்? மண்ணே இல்லாமல் குழாயில் ஓடும் தண்ணீரில் லெட்டூஸ் கீரை வளர்க்கும் வித்தையை இந்தப் பக்கத்துக்கே கொண்டுவந்தவன் நான். (யோசனை அவளுடையது. ஆணி அடித்தது முழுக்க நான்.) சொந்த அக்கா மகள், இந்தத் தோளில் தூங்கியவள், எனக்குத் தாள் ஒட்டுகிறாள்!

பிப்ரவரி 5

ஒரு நாளைக்கு நாலு தொட்டி. தொட்டிக்குப் பத்து நிமிடம் சும்மா நிற்க நான் என்ன விளக்குக் கம்பமா? ஏ, பி இரண்டையும் கெட்டியாக இருக்கும்போதே ஒரே டிரம்மில் கொட்டிவிட்டேன். இனி அதிலிருந்து மொண்டு தொட்டியில் ஊற்றினால் முடிந்தது. பெரிய பெரிய விஞ்ஞானிக்கே தோன்றாத யோசனை. பாப்பாவிடம் சொல்லவில்லை. முதலில் விளையட்டும், பிறகு வாயைப் பிளக்கட்டும்.

பிப்ரவரி 6

கலவை பால் போல வெளுத்திருக்கிறது. சத்து என்றால் அப்படித்தான் இருக்கும்.

பிப்ரவரி 19

கடுங்கோபத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணினால் கோணட்டும். கீரைக் குருத்துகள் எல்லாம் ஓரம் தீய்ந்து நிற்கின்றன. "கால்சியம் பத்தல மாமா. அளவு சரியாத்தானே போடுறீங்க?" என்று கேட்கிறாள். என்னையா! சிட்டிகை பிசகாத கை இது! உரச் சத்தை அளக்கும் மீட்டரைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தாள். கரைந்த உர உப்பு குறைவு என்றது. "மீட்டர் பொய் சொல்லுது" என்றேன். அவளும் நம்பி, புது மீட்டர் வாங்கி வந்தாள். அதுவும் அதே பொய்யைச் சொன்னது. இரண்டும் ஒரே கம்பெனியாக இருக்கும்.

பிப்ரவரி 20

தொட்டிக்கு இரண்டு மக் கூடுதலாக ஊற்றினேன். எப்படித் தேறாமல் போகிறது பார்ப்போம்.

பிப்ரவரி 22

தேறவில்லை. நேரே உரக்கடைக்குப் போய் உண்டு இல்லை என்று பண்ணிவிட்டு வந்தேன். ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். (ஆறு பேர் நிச்சயம்.) "வெறும் பவுடரைக் கட்டி உரம்னு விக்கிறீங்களா?" என்று கேட்டேன். கடைக்காரர் அசரவில்லை.

"அண்ணே, ரெண்டு கரைசலையும் தண்ணி சேர்க்காம ஒண்ணா ஊத்தினீங்களா? ஊத்தினா கால்சியம் சுண்ணாம்பு மாதிரி இறுகி அடியில உக்காந்துடும். செடிக்குப் போகாது."

"என்னைப் பார்த்தா அப்படிப் பண்றவன் மாதிரியா தெரியுது?"

"தெரியுது" என்றார். திமிர்!

பிப்ரவரி 23

டிரம்முக்குள் குச்சியை விட்டுப் பார்த்தேன். அடியில் ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளைச் சேறு.

மூடிவிட்டேன்.

பிப்ரவரி 26

ஓட்டல்காரர் வந்தார். நம் கீரையை வாங்குகிற ஒரே ஆள். ஒரு கீரையைப் பிரித்துப் பார்த்து, "அடுத்த அறுவடையும் இப்படின்னா நான் வேற இடம் பார்த்துக்கிறேன்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். பாப்பா உர அளவு நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "என் கணக்குதான் எங்கயோ தப்பு மாமா. மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேன், பிடிபடல. எனக்கு இதெல்லாம் வராது. எல்லாத்தையும் மூடிட்டு பழைய ஆபீசுக்கே போயிடறேன்." கண் இரண்டும் சிவந்திருந்தன.

அவள் கணக்கு தப்பாம்! நூற்றுக்கு நூறு வாங்கியவள்! ஏன்டி, என்னை ஒரு தடவை கேட்டதோட ஏன் விட்ட? இன்னொரு தடவை கேட்டுத் தொலைச்சிருக்கலாம்ல? நான் எகிறியிருப்பேன், எகிறும்போது உண்மை வாயில வந்து விழுந்திருக்கும். இப்படி நம்பித் தொலைக்கிறாளே — அதுதான் வயிறு எரியுது. நான் என்ன மனுஷன்?

பிப்ரவரி 27

காலையில் அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய் டிரம் முன்னால் நிறுத்தினேன். பல் தேய்க்கும்போது ஒத்திகை பார்த்த பேச்சு பெரியது. 'இது ஒரு ஆராய்ச்சி, யாருமே செய்து பார்த்ததில்லை...' வாயில் வந்தது வேறு.

"உன் கணக்கு சரிதான். நான்தான் ரெண்டையும் ஒண்ணா ஊத்தினேன்."

"எப்பலேர்ந்து?"

"அஞ்சாம் தேதியிலேர்ந்து."

"மூணு வாரமா? செடி கருகுது, நான் தூங்காம கணக்குப் போடுறேன், நீங்க மீட்டரைத் திட்டிட்டு இருந்தீங்க!" அப்படியே என் அக்காவின் தொண்டை. அறைச் சாவியைக் கேட்டாள். கொடுத்தேன். என்னிடம் இதுவரை யாரும் இப்படிப் பேசியதில்லை. (பேசியிருக்கிறார்கள். நின்று கேட்டதில்லை.)

மார்ச் 1

கருகியதை எல்லாம் பிடுங்கிப் போட்டோம். குழாய் குழாயாகக் கழுவினேன். எல்லாவற்றிலும் வெள்ளைப் படிவு, நகக்கண் எரிகிறது. புது நாற்று வைத்தாயிற்று. அவள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. ரோஷத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

மார்ச் 14

இன்னும் பேசவில்லை. அடுத்த அறையில் அவள் கலக்கும் சத்தம் கேட்கிறது. மெதுவாகத்தான் கலக்குகிறாள். சரியாகவும் கலக்குகிறாள், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

ஓட்டல்காரர் வந்தார். குருத்து குருத்தாக விரித்துப் பார்த்தார். "பிரமாதம். எல்லாத்தையும் எடுத்துக்கிறேன். போன தடவை என்னம்மா ஆச்சு?"

பாப்பா என் பக்கம் திரும்பவில்லை. "என் கணக்குல ஒரு சின்னத் தப்பு சார். சரி பண்ணிட்டேன்."

எனக்கு வந்ததே கோபம்! "அவ கணக்கு தப்பாதுங்க! தப்பு பண்ணது நான்!" என்று கத்திவிட்டேன். அந்த மனிதர் ஓர் அடி பின்னால் போய்விட்டார்.

"மாமா, மெதுவா" என்றாள் பாப்பா. "பெட்டியைத் தூக்குங்க."

முப்பத்தாறு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

பதினேழு பெட்டி. தூக்கினேன்.