பெரியப்பாவை அப்பா பிடித்துக்கொண்டார்

ஜனவரி 22, புதன்

பனி. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் பாதிக்கு மேல் தெரியவில்லை. பள்ளிக்குப் போகவில்லை. இயற்பியல் ரெக்கார்டு பாக்கி.

பெரியப்பாவை அடக்கம் செய்து மூன்று நாள். அவர் அறையை நான் கூட்டினேன். பாஸ்போர்ட் இரண்டு. ஆமை ஓட்டை அளக்கும் டேப். வெள்ளை பெயின்ட் டப்பா (கரை ஒதுங்கிய ஆமையை இரண்டு தடவை எண்ணிவிடாமல் இருக்க ஓட்டில் பூசுவது).

இருபது வருஷம் ஊர் ஊராகப் போய் விலங்குகளைக் காப்பாற்றியவர். போன இடமெல்லாம் தழும்பு. அவர் சொன்னபடி:

அந்தமான் – கணுக்கால். ஆமை முட்டையைத் தோண்ட வந்த நாய்.
ஒடிசா – தொடை. முதலை. (அத்தைகளிடம் சொல்லும்போது இரண்டு முதலை.)
கென்யா – தாடை. தந்தம் திருடுகிறவனின் துப்பாக்கிக் கட்டை. பல் மூன்று போச்சு.
நம்ம குப்பம் – உச்சிமண்டை. ஆறித் தழும்பாகவில்லை.

ஜனவரி 23, வியாழன்

நடந்ததை மறப்பதற்குள் ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

ஞாயிறு காலை. எண்ணூர் கரையில் ஏழு ஆமைகள், கண்களைக் காகம் தின்றிருந்தது. பெரியப்பா ஒன்றை அறுத்து நுரையீரலைக் காட்டினார். தண்ணீர். வலையில் மூச்சு முட்டிச் செத்தது. நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

பாபு துடுப்போடு வந்தான். எங்கள் குப்பத்துக்காரன்தான், காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறான். தடையை மீறிக் கரையை ஒட்டி வலை இழுத்ததைப் பெரியப்பா போட்டோ எடுத்து மீன்துறையில் கொடுத்ததால் படகைக் கட்டிப்போட்டுவிட்டார்கள்.

"ஒலகத்த சுத்தினு வந்து எங்க சோத்துல ஏன்டா மண்ணப் போடற?"

பெரியப்பா எழுந்தார். கையில் ஆமை அறுத்த கத்தி. அவருக்கு அது ஞாபகமே இல்லை என்று நினைக்கிறேன். ஓடிவந்த அப்பா கத்தியைத்தான் பார்த்தார். பின்னாலிருந்து பெரியப்பாவின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஊரில் சண்டை வந்தால் அவரவர் வீட்டு ஆளை அவரவர் பிடிக்க வேண்டும். பிடித்த ஆளை யாரும் அடிக்க மாட்டார்கள்.

"புட்சிட்டேன் பாபு, வுட்ரு" என்றார் அப்பா.

பாபுவின் அண்ணன் பக்கத்திலேயே நின்றிருந்தான். அவன் பாபுவைப் பிடிக்கவில்லை.

முதல் அடியில் கத்தி விழுந்தது. இரண்டாவதில் பெரியப்பா அப்பாவின் நெஞ்சிலேயே சாய்ந்தார். மூன்றாவது அதற்கப்புறம்.

ஜனவரி 24, வெள்ளி

வெயில். இட்லி மாவு புளித்துவிட்டது.

கரையில் கொட்டிய பாறையில் வழுக்கி விழுந்தார் என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்து அன்றைக்கே புதைக்க வைத்தார்கள். போலீசுக்குப் போனால் ஊர் விலக்கு. குழாயடியில்கூடப் பேசமாட்டார்கள்.

அம்மா: "நீ ஒண்ணும் பாக்கல. கையப் புட்சதுக்கு உங்கப்பனையும் உள்ள தூக்கிப் போட்ருவான்."

வழுக்கி விழுந்தார் என்று எழுதிப் பார்த்தேன். பேனா அழுத்தித் தாள் கிழிந்தது.

அப்பா சாப்பிடவில்லை. அந்தச் சட்டையைத் துவைத்துக்கொண்டே இருக்கிறார்.

ஜனவரி 26, ஞாயிறு

பள்ளியில் கொடியேற்றம். போகவில்லை. கோயில் வாசலில் ஊர்க்கூட்டம். பாபு மன்னிப்புக் கேட்டு விழுந்து கும்பிட வேண்டும், அதோடு பேச்சு முடிந்தது. எதையும் பார்க்கவில்லை என்று சொல்ல என்னையும் அப்பா பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

பாபு விழுந்து கும்பிட்டான். அப்பா அவனைப் பார்க்கவே இல்லை. அவன் அண்ணனிடம்தான் கேட்டார்.

"என் ஆள நான் புட்சேன். உன் ஆள நீ ஏன் புடிக்கல?"

அவன் சிரித்தான். "நீ புட்ச புடில குறி தப்பல நைனா."

சுவரோரம் ஒரு இரும்புக் குழாய். அப்பா எடுத்துவிட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா, "புடிடி உங்கப்பன, புடிடி" என்று கத்தினாள். அப்பாவின் சட்டை என் விரலில் உரசிக்கொண்டு போனது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அண்ணனுக்கு முட்டி போனது. பாபுவுக்குத் தாடை. கோலத்தின் மேல் ரத்தமும் பல்லும். அப்புறம்தான் நாலு பேர் அப்பாவைப் பிடித்தார்கள்.

ஆம்புலன்ஸ் வந்ததால் போலீசும் வந்தது. பெண் போலீஸ் என்னை உட்காரவைத்து, அப்பா எதற்கு அடித்தார் என்று கேட்டார். ஜீப்பிலிருந்து அப்பா சொன்னார்:

"எல்லாத்தையும் சொல்லுமா. நான் புட்சதையும் சொல்லு."

சொன்னேன். எழுதி வாங்கிக்கொண்டார்கள். நான் பிடிக்காமல் விட்டதை மட்டும் சொல்லவில்லை.