பலாமர ஆப்பு

பெங்களூர்
15.9.2003

அன்புள்ள நண்பருக்கு,

நேற்றுப் பழம்பொருள் கண்காட்சியில் அந்தப் பழைய கைக்கோடாலி இருந்த உங்கள் கண்ணாடிப் பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றேன். எல்லோர் நடுவிலும், "எப்படி சார் நம்ம பீஸு? தேடிப் புடிச்சேன், நூறு வருஷத்து சரக்கு!" என்றீர்கள். "நல்லாயிருக்கு" என்றுதான் எனக்குச் சொல்ல வந்தது.

சிக்பேட்டை ஞாயிறு சந்தையில் அதைத் துருவோடு பொறுக்கியவன் நான். நான்கு நாள் வினிகரில் ஊறவைத்து, முத்திரை தேயாமல் துடைத்து, புதுப் பிடி போட்டு உங்களிடம் காட்டினேன். "டூப்ளிகேட் சார். உங்களுக்கு எல்லாமே பழசாத்தான் தெரியும். குடுங்க, தேங்கா வெட்டவாவது ஆகும்" என்றீர்கள். பத்து வருடப் பழக்கம். என் கண்ணைவிட உங்கள் சொல்லை நம்பிக் கொடுத்துவிட்டேன்.

நேற்றும், இது வேறொன்றாக இருக்குமோ என்றே முதலில் நினைத்தேன். ஆனால் தலை ஆடாமலிருக்கப் பிடியின் நுனியில் நான் அடித்த மஞ்சள் ஆப்பு அப்படியே இருந்தது. இனி வீட்டில் மோர் கடைய ஆளில்லை என்று, என் மனைவியின் பலாமர மத்திலிருந்து சீவிய ஆப்பு அது.

கோடாலி உங்களிடமே இருக்கட்டும். ஆப்பை மட்டும் அனுப்பிவிடுங்கள். அதை எடுத்தால் தலை பிடியில் நிற்காது. மன்னிக்கவும்.

இப்படிக்கு,
ஞாயிறுதோறும் உங்கள் பின்னால் வந்தவன்