அக்கரைக்குப் போன பலாச்சீர்

ஜகிகஞ்ச்,
ஆஷாட மாதப் பிறப்பு, 1955.

என் கண்ணான மகள் லுத்ஃபாவுக்கு அப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் காவலில் இங்கே நானும் உன் அம்மாவும் பசுவும் கன்றும் ஒழுகுகிற கூரையும் சுகமாக இருக்கிறோம். கராச்சியில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சம்பந்தியம்மாவும் அப்படியே சுகமென்று நீ எழுதி அறிந்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும், ஆகையால் சோம்பல் படாமல் எழுது. மழை இந்த வருஷம் முன்னாலேயே பிடித்துக்கொண்டது, குஷியாரா ஆற்றில் தண்ணீர் நம் துறையின் மேல்படி வரைக்கும் வந்துவிட்டது, என் முழங்கால் வலியும் தண்ணீரோடு சேர்ந்து ஏறியிருக்கிறது. கன்று கிடாரிதான், நெற்றியில் வெள்ளைப் பொட்டு, உன் அம்மா அதற்கு உன் பெயரை வைக்கலாமா என்று கேட்டாள், மகள் பெயரைச் சொல்லி மாட்டை விரட்ட என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

என் போன கடிதத்தில் அம்மா ஏன் தன் பங்குக்கு இரண்டு வரி கூட எழுதச் சொல்லவில்லை என்று கேட்டிருந்தாய். அவள் மனசு சரியில்லாமல் இருந்தது, அதை எழுதி உன்னையும் கலக்க வேண்டாம் என்றுதான் விட்டேன். இப்போது எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதால் முழுவதும் எழுதுகிறேன், அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படி. விஷயம் உன் சின்னம்மா சபுராவைப் பற்றியது. நீ இருக்கிற கராச்சிக்கு நடுவில் இன்னொரு தேசத்தையே தாண்டிப் போக வேண்டும், ஆனாலும் நீ சொந்த நாட்டில் இருக்கிறாயாம். சபுரா அக்கரைத் துறையில் துணி துவைத்தால் அந்தச் சத்தம் நம் அடுப்படியில் கேட்கும், அவள் வெளிநாடாம். எல்லைக்கோடு போட்டவர்களைக் கேட்டால் ஆற்றின் நடுவில் போட்டோம் என்பார்கள், உன் அம்மாவைக் கேட்டால் தன் விலா எலும்பு மேல் போட்டார்கள் என்பாள். பாஸ்போர்ட் சட்டம் வந்ததிலிருந்து அக்காவும் தங்கையும் சந்திப்பதெல்லாம் குளிக்கிற நேரத்தில் ஆளுக்கொரு துறையில் நின்று கத்திப் பேசுவதுதான். அதுவும் இந்த வருஷம் பனிக்காலத்தோடு நின்றுபோனது. சபுரா துறைக்கு வருவதை விட்டுவிட்டாள். உன் அம்மா தினமும் போய் நின்று பார்த்துவிட்டு ஈரத் தலையோடு திரும்பி வருவாள், என் மேல் எரிந்து விழுவாள்.

காரணம் என்ன தெரியுமா, பழம் பழுக்கிற ஜேஷ்ட மாதச் சீர். கட்டிக்கொடுத்த பெண்ணின் வீட்டுக்கு மாம்பழமும் பலாப்பழமும் பிறந்த வீட்டிலிருந்து போகாவிட்டால் அந்தப் பெண் மாமியார் வீட்டில் எப்படித் தலை நிமிர்வாள்? உன் அம்மா பிறந்த வீட்டில் ஆண்பிள்ளை இல்லை, வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன் நான். இந்த ஊர் எனக்கு வைத்த பெயரே அதுதான், ஸ்டீமர் துறையில் டிக்கெட் கொடுத்த காலத்திலும் "வீட்டோட மாப்பிள்ளே, ரெண்டு டிக்கெட் குடு" என்றுதான் கேட்பார்கள். ஆக சபுராவுக்குச் சீர் அனுப்புவது என் கடமை. முன்பெல்லாம் படகில் ஏற்றிக்கொண்டு நானே போவேன், அவள் மாமியார் ஒவ்வொரு பழமாகத் தட்டிப் பார்த்து நூறு குறை சொல்வாள், அப்புறம் எனக்குக் கோழி அடித்துப் போடுவாள். சட்டம் வந்த பிறகு அது நின்றது. முதல் வருஷம் அந்தக் கிழவி ஏசினாளாம், "உன் பொறந்த வீடு ஆத்தோட போயிடுச்சா" என்று. அதற்குப் பிறகு ஏசுவதையும் விட்டுவிட்டாள். ஜேஷ்டம் பிறந்தால் பக்கத்து வீட்டுக்கு வந்த சீர்ப்பழத்தை வாங்கிச் சபுரா கண் முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிடுவாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஏச்சைத் தாங்கலாம் மகளே, இதை யார் தாங்குவது? தனக்குப் பிறந்த வீடே இல்லை என்று சபுரா முடிவு கட்டிவிட்டாள், அப்புறம் எந்த முகத்தோடு அக்காவைப் பார்க்கத் துறைக்கு வருவாள்.

இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னது மீன்காரன் சுருஜ் அலி. இக்கரை மீன்காரர்களும் அக்கரை மீன்காரர்களும் நடு ஆற்றில் வலை போடும்போது பேசிக்கொள்வார்கள், பேச்சுக்கு இன்னும் வரி போடவில்லை. அவன் படகிலேயே பழத்தைக் கொடுத்தனுப்பலாம் என்றால், படகும் படகும் ஒட்டினால் வலையைப் பிடுங்கிக்கொள்வோம் என்று இரண்டு கரைக் காவல்காரர்களும் மிரட்டி வைத்திருக்கிறார்கள். உன் அம்மா ஒரு வாரம் யோசித்தாள், ஒரு நாள் காலையில் என்னை எழுப்பி, "வாழைமரம் ரெண்டு வெட்டுங்க, தெப்பம் கட்டணும்" என்றாள். எதற்கடி என்று கேட்டேன். "ஆறு ரெண்டு பக்கமும் ஒரே ஆறுதானே, அதுக்குப் பாஸ்போர்ட்டா கேக்கப் போறாங்க" என்றாள். அவளோடு வாதாடி ஜெயித்தவன் இந்தக் கரையில் எவனும் இல்லை, நான் அரிவாளை எடுத்தேன். நம் வடமூலை மரத்தின் பலா, ஏலக்காய் வாசனை வீசுமே அதே மரம், அதில் பெரிதாக மூன்று, ஒரு கூடை மாம்பழம், அன்னாசி, ஒரு மூட்டை பொரி எல்லாம் தெப்பத்தில் வைத்துக் கட்டி, மேலே சிவப்புத் துணி போர்த்தினாள்.

துறையில் காவலுக்கு நிற்பவர் குல் நவாஸ் என்று மலைநாட்டிலிருந்து வந்த ஒரு பட்டாணிய ஹவில்தார். நல்ல மனிதர், ஆனால் அவர் ஊரில் பலாமரம் கிடையாது. துணியை விலக்கிப் பார்த்து மூன்று அடி பின்னால் போய்விட்டார், "என்னய்யா இது, முள்ளு முள்ளா, வெடிக்குமா?" என்று கேட்டார். வெடிக்காது ஐயா, இனிக்கும் என்று சொல்லி வீட்டிலிருந்து ஒரு பழத்தைக் கொண்டுவந்து பிளந்து வைத்தேன். கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லி முடிக்கிறதுக்குள் மனிதர் வாயை வைத்துவிட்டார். அந்தப் பெரிய மீசை முழுக்கப் பால் பிசின், மேல் உதடும் கீழ் உதடும் ஒட்டிக்கொண்டது. உன் அம்மா முக்காட்டுக்குள் சிரித்த சிரிப்பு எனக்குத்தான் தெரியும். மரத்தில் பலா இருக்கும்போதே மீசைக்கு எண்ணெய் தடவினானாம் என்று அவசரக்காரனை நாம் கேலி பண்ணுவோமே, இவர் கதை தலைகீழ், தின்ற பிறகு கடுகெண்ணெய் போட்டுத் தேய்த்து விட்டோம். வாய் திறந்ததும் அவர் கேட்டது, "எங்க போகுது இது?" தங்கை வீட்டுக்குச் சீர் என்றேன். தனக்கும் ஊரில் ஒரு தங்கை இருப்பதாகச் சொன்னார், அப்புறம் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பி வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஆற்று வளைவுக்கு மேலே போய் உன் அம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி பிஸ்மில்லா சொல்லித் தள்ளிவிட்டாள். தெப்பம் அழகாகத்தான் போனது, சபுரா வீட்டுத் துறைக்கு நேராகப் போகிறது என்றே நினைத்தோம். அங்கே சபுராவும் நிற்கவில்லை, யாரும் நிற்கவில்லை. புதுவெள்ளத்தின் இழுப்பு, கரைக்குக் கொஞ்சம் முன்னால் தெப்பம் தலையைத் திருப்பிக்கொண்டு கீழே போனது. அடுத்த துறை மீனவர் குடியிருப்புத் துறை. அங்கே பானை கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்து பிடித்தாள், துணியை விலக்கினாள், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கத்தினாள், குடியிருப்பே ஓடி வந்தது. நாங்கள் இக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். உன் அம்மா அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். "கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலையே" என்று அழுதாள், அப்புறம் வாழைமரத்தைத் திட்டினாள், ஆற்றைத் திட்டினாள், கடைசியில் முடிச்சு சரியாகப் போடத் தெரியாத வீட்டோடு மாப்பிள்ளையைத் திட்டினாள். முடிச்சுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் நம் முற்றத்தில் வந்து நின்றது தினபந்து. உனக்கு நினைவிருக்கும், தோணி ஓட்டிய கிழவர், இப்போது பார்வை மங்கி குடிசையில் தனியாக இருக்கிறார். அவருடைய ஒரே மகள் சைலபாலாவைக் கட்டிக்கொடுத்தது அக்கரை மீனவர் குடியிருப்பில். பழத்தைப் பிடித்தது அவள்தான் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கிழவர், "மாப்பிள்ளே, காலைலருந்து எம்பொண்ணு அந்தக் கரைல நின்னு கத்துறா. அப்பா சீர் வந்துச்சு, அப்பா என்னை மறக்கலைன்னு கத்துறா. நான் எதைய்யா அனுப்பினேன்? எங்கிட்ட ஒரு மாங்கொட்டை கூடக் கெடையாதே. யாரு அனுப்பினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? ஜேஷ்ட மாதம், பிறந்த கரையிலிருந்து சிவப்புத் துணி போர்த்திப் பழம் வருகிறது, எந்தப் பெண்ணாக இருந்தாலும் தன் வீட்டுச் சீர் என்றுதான் நினைப்பாள். அதற்குள் உன் அம்மா அடுப்படியிலிருந்து துடைப்பத்தோடு வெளியே வந்துகொண்டிருந்தாள். கிழவரின் முகத்தைப் பார்த்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அப்புறம், "யாரு அனுப்பினா என்ன பெரியவரே, பழம் எங்க மரத்துது, அனுப்பினது நீங்கதான். போங்க, வெளிச்சம் போறதுக்குள்ள கரைக்குப் போய் மகளுக்குக் கையக் காட்டுங்க" என்று சொல்லி அவர் கையைப் பிடித்துப் படி இறக்கி விட்டாள். உள்ளே வந்து படுத்துக்கொண்டாள். "அவ மானம் நின்னுச்சு, என் தங்கச்சி மானம் போச்சு" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள், அன்றைக்குச் சோறு தொடவில்லை. மரத்தில் வேறு நல்ல பழமும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நான் திரும்பும்போது துறையில் கூட்டம். அக்கரையில் சபுராவின் மாமியார். எத்தனையோ வருஷமாக வாசலைத் தாண்டாத கிழவி, ஒருவர் குடை பிடிக்க ஆற்றோரம் வந்து நின்று உன் அம்மா பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். தண்ணீரைத் தாண்டி ஒவ்வொரு சொல்லும் வந்து விழுந்தது. "ஜைபுன்! ஏ ஜைபுன்! என்னடி உங்க வீட்டு வடமூலைப் பலா இந்த வருஷம் இவ்வளவு நாரு? மரத்துக்கு எரு போடுறதில்லையா? நாலே நாலு சுளைதான் எனக்கு வந்துச்சு, நாலு சுளை எந்த மூலைக்குக் காணும்? உன் வீட்டு மாப்பிள்ளை என்ன தூங்குறானா?" இரண்டு கரையும் சிரித்தது, ஹவில்தாரும் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை, சொம்பைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீரோரம் ஓடினாள். கிழவிக்குப் பின்னால் நீலப்புடவையில் சபுரா நின்றாள்.

நடந்தது என்ன என்பதைப் பிறகு சுருஜ் அலிதான் சொன்னான். சைலபாலா வந்த சீரை முறைப்படி அக்கம்பக்கத்துக்கெல்லாம் பங்கு வைத்திருக்கிறாள், சபுரா வீட்டுக்கும் நாலு சுளை வந்திருக்கிறது. கிழவி ஒரு சுளையை வாயில் போட்டதும் மெல்லுவதை நிறுத்திவிட்டாளாம். வருஷக்கணக்காகத் தின்று குறை சொன்ன பழம், அந்த நாக்குக்குத் தெரியாதா? சபுராவைக் கூப்பிட்டு, "உன் வீட்டுச் சீர் வந்தாச்சுடி. வழி தப்பிப் போனாலும் எனக்கு வந்து சேந்துருச்சு" என்றாளாம். சபுரா அழுதுகொண்டே எழுந்து மீனவர் குடியிருப்புப் பக்கம் போகப் பார்த்திருக்கிறாள். கிழவி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து, "அந்தப் பொண்ணுகிட்ட இதைப் பத்தி ஒரு வார்த்தை போச்சு, உன் நாக்கை அறுத்துடுவேன். அவளுக்கு அப்பன் அனுப்பினதாவே இருக்கட்டும்" என்றாளாம். யோசித்துப் பார் மகளே, ஆற்றோரம் நின்று அவ்வளவு கத்தினாளே, அந்த நாலு சுளை யார் கை வழியாகத் தன் வீட்டுக்கு வந்தது என்று மட்டும் அவள் சொல்லவே இல்லை. அந்த நாக்குக்கு அவ்வளவு அடக்கம் இருக்கிறதென்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

சபுரா கிழவியைத் தாண்டித் தண்ணீருக்குள் இறங்கி நின்று, "அக்கா, ரொம்ப மெலிஞ்சிட்டியே" என்று கூப்பிட்டாள். கடைத்தெரு முழுக்கக் கேட்கிற குரல் உன் அம்மாவுக்கு, அன்றைக்கு அது எங்கே போனதோ, வாயைத் திறக்கிறாள், சத்தம் வரவில்லை. அதனால் நான்தான் கத்தினேன், "உங்க அக்கா அழறா சபுரா, இன்னைக்குப் பேச மாட்டா, நாளைக்கு வா" என்று. மறுநாளும் வந்தாள், இன்றைக்கும் வந்தாள். இப்போது இரண்டு பேரும் வெங்காய விலையைப் பற்றிக் கத்திக்கொண்டிருக்கிறார்கள், அந்த இரைச்சலில்தான் இதை எழுதுகிறேன். எனக்கு நிறைவாக இருக்கிறது. அடுத்த வருஷம் இரண்டு தெப்பம் விடுவதாக உன் அம்மா முடிவு செய்துவிட்டாள், ஒன்று சபுராவுக்கு, இன்னொன்று தினபந்து பெயரில் சைலபாலாவுக்கு. வாழைமரம் வெட்டப் போவது யார் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

சரி, பேத்திக்குக் கடற்காற்றில் காதை மூடிக் கட்டு, மாப்பிள்ளையின் இருமலுக்குத் துளசியும் தேனும் கொடு, சம்பந்தியம்மாவுக்கு எங்கள் ஸலாம் சொல். அல்லா உங்கள் எல்லோரையும் நீண்ட ஆயுளோடும் குறையாத சோற்றோடும் வைக்கட்டும். நாங்கள் அனுப்பிய ஊறுகாய் கசக்கிறது என்று மாமியார் வாரம் தவறாமல் சொல்வதாகவும், அது உனக்கு வேதனையாக இருப்பதாகவும் எழுதியிருந்தாய். அதைப் படித்துக் காட்டியதும் உன் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அழாதே, குறை சொல்கிற வரைக்கும் உன் பிறந்த வீடு அவர்கள் கணக்கில் இருக்கிறது என்று சொல்லச் சொன்னாள். அடுத்த ஜாடியில் இன்னும் கொஞ்சம் கசப்பாகவே போட்டு அனுப்புகிறாளாம்.

உன் நினைவாகவே இருக்கும் அப்பா,
ஜகிகஞ்ச் வீட்டோடு மாப்பிள்ளை,
மொஹிபுர் ரஹ்மான்.