ஏறாத மலைக்குச் சம்பளம்

ஸ்ரீரங்கம்
12-10-1963

தம்பி அழகிரிக்கு,

அக்காள் பொன்னுத்தாய் சுகம். நீயும் உன் வீட்டாரும் சுகம்தானா என்று கேட்பது முறை, கேட்டாயிற்று. கொள்ளிடத்தில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போகிறது.

என் பேத்தி செங்கமலம் ஆனி மாதம் பச்சைமலைப் பள்ளிக்கூடத்துக்கு ஒற்றை டீச்சராகப் போனாள் அல்லவா, அங்கே வடக்குச் சுவரில் கை நுழைகிற வெடிப்பாம். நீதான் பஞ்சாயத்து யூனியனில் கல்விக் கமிட்டி மெம்பர். அடைமழைக்கு முன்னால் ஏறிப் போய்ப் பார்.

இன்னொன்று. வெல்லம் விற்கிற சின்னையன் நேற்று வாசலில் நின்று சொன்னான்: "ஆத்தா, உங்க தம்பி தீர்மானம் கொண்டுவர்றாராம். கமிட்டி மெம்பருக்கெல்லாம் ஹெட்மாஸ்டர் மாதிரி முழுச் சம்பளம் வேணுமாம்." ஆய்ந்துகொண்டிருந்த கீரையை அப்படியே போட்டேன்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு பிள்ளையைத்தான் படிக்கவைக்க முடியும் என்றார் அப்பா. என் சிலேட்டைப் பிடுங்கி உன் கையில் கொடுத்தார். ஓரம் உடைந்திருக்கிறது, புதுசு வேண்டும் என்று அதற்கும் நீ அழுதாய். நான் மறுநாளே நந்தவனத்துக்குப் பூப்பறிக்கப் போனேன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டா பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளக் கூலி கேட்கிறாய்? சீ.

உன் அக்காள்
பொன்னுத்தாய்

---

மலையடிவாரம்
24-10-1963

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். ஐம்பது வருஷத்துக்கு முந்திய சிலேட்டை இன்னும் கீழே வைக்கவில்லை நீங்கள்.

சின்னையன் சொன்னது நிஜம். அதில் என்ன வெட்கம்? டீச்சருக்குச் சம்பளம், கிளார்க்குக்குச் சம்பளம், மணி அடிக்கிற பியூனுக்கும் சம்பளம். மெம்பர் மட்டும் மாதம் பத்து நாள் கடலைக்காட்டைப் போட்டுவிட்டுக் கைக்காசில் பஸ் ஏற வேண்டும். சும்மா செய் என்றால் யார் வருவார்கள்? நூறு ஏக்கர் வைத்திருக்கிற பண்ணையார்தான் வருவார். என்னைப் போன்றவன் நாற்காலியில் உட்காரவே கூடாதா?

மலைக்கு பஸ் கிடையாது, ஏழு மைல் நடை. என் முழங்கால் உங்களுக்குத் தெரியும். அதனால் திங்கட்கிழமை அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்து விசிட் புத்தகத்தைக் கீழே வரவழைத்தேன். 'நேரில் பார்த்தேன், கட்டடம் நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கொண்டுவந்தது செங்கமலம்தான். "தாத்தா, சுவரைப் பார்க்காம எழுதறீங்களே" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள். ஆகட்டும் பார்க்கலாம் என்றேன். சம்பளம் இல்லாதவன் அவ்வளவுதான் செய்ய முடியும். கொடுக்கட்டும், ஏறுகிறேன்.

அன்புத் தம்பி
அழகிரி

---

ஸ்ரீரங்கம்
31-10-1963

அழகிரிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் கையைக் கழுவினேன்.

பண்ணையார் சங்கதியில் நீ சொல்வது நியாயம், ஒத்துக்கொள்கிறேன். இங்கே முன்பு ஒரு பெரிய வீட்டு மெம்பர் இருந்தார். சம்பளம் வாங்கவில்லை, வாத்தியாரைத் தன் மாட்டுக்குப் புல் அறுக்க விட்டார். அதையும் இந்தக் கண்தான் பார்த்தது.

ஆனால் நல்ல நிலையில் உள்ளது என்று எழுத உனக்கு யார் கூலி கொடுத்தார்கள்? முடியவில்லை என்றால் 'முடியவில்லை, போகவில்லை' என்று எழுத வேண்டியதுதானே? அதற்கு முழங்கால் வேண்டாமே. பொய்யை மட்டும் இனாமாக எழுதியிருக்கிறாய்.

டோலி கட்டியாவது மேலே போ. எழுதினதை அடித்துவிட்டு, கண்டதை உள்ளபடி எழுது. மழை கனத்துவிட்டது.

அக்காள்
பொன்னுத்தாய்

---

மலையடிவாரம்
25-11-1963

அன்புள்ள அக்காவுக்கு,

பதற வேண்டாம். வெள்ளிக்கிழமை மழையில் வடக்குச் சுவர் விழுந்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை. பிச்சை என்கிறவரின் மகளுக்கு மட்டும் கால் முறிந்தது. செங்கமலம்தான் மற்ற பிள்ளைகளை வெளியே இழுத்துப் போட்டாள். அவளுக்குக் கையில் சிராய்ப்பு.

வருகிற திங்கள் யூனியன் ஆபீசில் விசாரணை. போன மாதம் மெம்பர் நேரில் பார்த்து நன்றாக இருந்த கட்டடம் எப்படி விழும், டீச்சர் கூரையைக் கவனிக்காமல் ஈரம் இறங்க விட்டிருக்கிறாள் என்கிறார் டிப்டி இன்ஸ்பெக்டர். செங்கமலத்துக்கு மெமோ கொடுத்தாகிவிட்டது.

அக்கா, நான் ஏறிப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. டிசம்பர் பதினாலாம் தேதி தீர்மானம் வருகிறது. இப்போது வேறு விதமாகச் சொன்னால் எல்லாம் போச்சு. அவளுக்கு வேலை போனால்தான் என்ன, நல்ல இடத்தில் கட்டிக்கொடுப்போம், செலவு என் பொறுப்பு. அந்த ஐப்பசிக் கடிதத்தை மட்டும் அடுப்பில் போட்டுவிடுங்கள். பொங்கல் சீர் இந்த வருஷம் பட்டுப்புடவையோடு வரும்.

தம்பி
அழகிரி

---

ஸ்ரீரங்கம்
6-12-1963

அழகிரிக்கு,

திங்கட்கிழமை என்னை நீ பார்த்தாய். கடைசி பெஞ்சில், ஆபீசுக்குத் தண்ணீர் சுமக்கிற சிலம்பாயியின் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து, "நேர்ல ஏறிப் பாத்தேன் ஐயா, சுவரு கெட்டியா இருந்துச்சு" என்றாய். எச்சில் இலையில் உட்கார்ந்ததுபோல் எனக்கு உடம்பெல்லாம் கூசிற்று. நீயாகச் சொல்லிவிடுவாய் என்று கடிதத்தை முந்தானையில் முடிந்தே வைத்திருந்தேன். அந்த வார்த்தைக்குப் பிறகுதான் அவிழ்த்து டிப்டி மேசையில் வைத்தேன். அவர் சத்தம் போட்டுப் படித்தபோது நீ உன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாய். செங்கமலத்தின் மெமோவை அங்கேயே ரத்து செய்தார்கள்.

உன் தீர்மானம் பற்றி என் வாயால் கேள். மெம்பருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் வேண்டும். முழுச் சம்பளமே கொடுக்கட்டும். உன்னை என்ன செய்வது என்று அன்றைக்கு டிப்டியைக் கேட்டேன். "சம்பளம் வாங்காதவரை நான் என்னம்மா பண்ண முடியும்?" என்றார். கூலி வாங்குகிறவனைத்தான் வேலையை விட்டு நீக்க முடியுமாம். இனாமுக்கு வந்தவன் சுவர் விழுந்தாலும் நாற்காலியில் இருக்கலாமாம். அதனால்தான் சொல்கிறேன். உனக்கு இல்லை, உனக்குப் பிறகு வருகிறவனுக்கு.

மறுநாள் செங்கமலத்தோடு மலை ஏறினேன். எனக்கும் முழங்கால் இரண்டுதான், உன்னைவிட நாலு வயது மூத்தது. விடியற்காலை கிளம்பி, உட்கார்ந்து உட்கார்ந்து, உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தேன். பிச்சை வீட்டில் மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுத்தார்கள். மூங்கில் சிம்பு வைத்துக் காலைக் கட்டிக் கிடந்த அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "ஆத்தா, நீங்கதான் மெம்பரா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெம்பரின் அக்காள் என்று சொல்லவும் வரவில்லை. கிழங்கு ஆறிப்போயிற்று.

சீர் அனுப்பாதே. வந்தால் கட்டுப் பிரிக்காமல் திரும்பும்.

பொன்னுத்தாய்